வீடியோ ஏன் திக்குது, தம்பி?

"தம்பி, பிள்ளை ஏன் திக்கித் திக்கி நடக்குது?"

கேட்டவர் மாப்பிள்ளையின் தமையன். திருகோணமலை உவர்மலையில் அவர்கள் வீட்டு முன்னறை. சுவரில் பெரிய ரீவி, அதன் முதுகில் என்னுடைய பென் டிரைவ், எதிரே கதிரையிலும் பாயிலுமாகப் பதினைந்து பேர். நிலாவெளிக் கரையில் கலியாணப் பிள்ளை சேலைத் தலைப்பு பறக்க நடந்து வருவதை ட்ரோனில் எடுத்துக் கொடுத்திருந்தேன். என் வீட்டில் பார்த்தபோது வழுக்கிக்கொண்டு போன அந்த நடை, இங்கே இரண்டடி வைத்து நின்றது. மூன்றாவது அடியைக் காணோம். நாலாவதில் போய் விழுந்தது.

"நிலாவெளி மணலுக்குள்ள சிப்பி கிடக்கும். காலிலை குத்தியிருக்கும்" என்றார் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாச்சி.

எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மெமரி கார்ட் பிழை போல அண்ணை, மாற்றித் தாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சும்மா வாயில் வந்த காரணம்தான் அது. ஆனால் சொன்னதை நானே நம்பிவிட்டேன், அடுத்த நாள் டவுனுக்குப் போய்ப் புதுக் கார்ட் ஒன்றும் வாங்கினேன். பின்னால் வந்த வினை முழுவதும் அங்கேதான் தொடங்கியது.

என்னிடம் இருப்பது இரண்டாங் கையாக வாங்கிய டிஜேஐ மினி 2 ட்ரோன். 249 கிராம், உள்ளங்கையில் அடங்கும். 4கே எடுக்கும்போது செக்கனுக்கு 100 மெகாபிட் வரை எழுதும். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் மிரண்டுபோய்த் தேவையில்லாத கார்ட்களுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். மெகாபிட்டை எட்டால் வகுத்தால் மெகாபைட். அதாவது செக்கனுக்கு 12.5 மெகாபைட் எழுதினால் போதும். கார்டின் மேல் வி30 என்றோ, யூ எழுத்துக்குள் 3 என்றோ போட்டிருந்தால், செக்கனுக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே போகாமல் எழுதும் என்று அர்த்தம். தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு மேலே வி60, வி90 எல்லாம் இந்தச் சின்ன ட்ரோனுக்கு மாட்டு வண்டிக்கு லொறி டயர் போட்ட கதை. பெட்டியில் பெரிய எழுத்தில் அடித்திருக்கும் '100 மெகாபைட்', '160 மெகாபைட்' என்பதெல்லாம் வாசிக்கும் வேகம். எழுதும் வேகம் அதில்லை. ஏ1, ஏ2 என்று இருப்பது போனில் செயலிகள் ஓடுவதற்கான தரம், வீடியோவுக்கு அதால் ஒன்றுமில்லை.

இதெல்லாம் இன்று தெரிகிறது. அன்று கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "64 வேணுமா, 128 வேணுமா?" 128 இன் விலை மற்றக் கடைகளில் சொன்னதில் பாதி. பெட்டியில் பெயர், வி30, எல்லாம் ஒழுங்காக அச்சடித்திருந்தது. வாங்கி, ட்ரோனில் போட்டு, வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் எடுத்துப் பார்த்தேன். அருமையாக ஓடியது. போலிக் கார்ட் முதல் ஐந்து நிமிடமும் அருமையாகத்தான் ஓடும். அதை அறிய எனக்கு ஒரு கலியாணம் செலவாகியது.

அடுத்த வேலையும் நிலாவெளிதான். காலை ஆறரைக்குக் கடலை விட்டுச் சூரியன் எழும்பிய கையோடு படப்பிடிப்பு. முதல் பற்றரி முழுவதும் தம்பதி கரையோரம் நடப்பது. இரண்டாவதில் உறவுக்காரரின் கூத்து. மூன்றாவதில்தான் நான் மனதில் வைத்திருந்த ஷொட்: இருவரும் முழங்கால் தண்ணீரில் நிற்க, கடல் பக்கமிருந்து ட்ரோன் மெல்லப் பின்வாங்கி உயர்கிறது. போன் திரையில் பார்த்துக்கொண்டே எடுத்தேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இரவு லப்டொப்பில் கார்டைப் போட்டால் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, அளவும் சரி. முதல் பற்றரி திறக்கிறது. பிறகு ஒன்றுமேயில்லை. ஒரு கோப்பில் மட்டும் மாப்பிள்ளையின் முகம் பச்சைக் கட்டங்களாகச் சிதறி அப்படியே நின்றது.

அந்த இரவு தேடித்தேடிக் கற்றதுதான் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள். விண்டோஸில் ஓடும், இலவசம். (மக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று உண்டு.) கார்ட் நிறையும்வரை தன்னுடைய தரவை எழுதிவிட்டு, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். பெரிய கார்டுக்கு மணித்தியாலக் கணக்கில் எடுக்கும், போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். விடிய எழும்பிப் பார்த்தேன். 128 என்று சொன்ன கார்டுக்குள் உண்மையாக இருந்தது 15 கிகாபைட்டும் இல்லை. மிச்சமெல்லாம் கணினிக்குச் சொல்லி வைத்த பொய். நிறைந்த பிறகு வருவதை ஏற்கிற மாதிரிப் பாவனை காட்டிவிட்டு எங்கேயும் வைக்காது. 4கேயில் ஒரு நிமிடம் 750 மெகாபைட் என்று கணக்குப் போட்டால் இருபது நிமிடத்துக்குள் அதன் வயிறு நிரம்பிவிடும். என் முதல் பற்றரி முடிந்த இடம் கிட்டத்தட்ட அதுதான்.

என்னைக் காப்பாற்றியது போன். டிஜேஐ செயலியில், பதிவாகும்போதே போனிலும் ஒரு பிரதி சேமிக்கிற செட்டிங் இருக்கிறது. 720பி தான், தரம் குறைவு, கடல் நுரையெல்லாம் சோற்றுக் கஞ்சி மாதிரித் தெரியும். நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை, இடத்தைப் பிடிக்கிறதென்று திட்டியிருக்கிறேன். அந்தக் கஞ்சியைத்தான் வெட்டிச் சின்னதாக்கி, போனில் பார்க்கிற அளவில் ஒரு வீடியோவாகச் செய்துகொண்டு போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த செட்டிங் என் போனில் நிறுத்தப்படாமல் இருக்கிறது.

அதற்குப் பிறகு கார்ட் விஷயத்தில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவன் மாதிரித்தான் இருக்கிறேன். எங்கே வாங்கினாலும், என்ன பெயர் இருந்தாலும், முதல் இரவு சோதனை. 128 வாங்குவதை விட்டேன், 32 இல் நாலு வைத்திருக்கிறேன். ஒரு பற்றரிக்கு நடைமுறையில் இருபது நிமிடப் பதிவு என்றால் 15 கிகாபைட். ஆகவே இரண்டு பற்றரிக்கு ஒரு கார்ட். ஒன்று செத்தாலும், கடலுக்குள் போனாலும், காலை முழுவதும் போகாது. எடுத்து முடிந்த கார்டைப் பெட்டியில் முகம் குப்புற வைப்பேன், வெறும் கார்ட் முகம் மேலே. வெயிலில், வியர்வையில், யாரோ "தம்பி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடும் நேரத்தில், எது எது என்று யோசிக்கத் தேவையில்லை. போர்மட் செய்வது எப்போதும் ட்ரோனுக்குள்ளேயே, அதுவும் பிரதி இரண்டு இடத்தில் ஏறிய பிறகு.

இன்னொன்று, இதைப் பலர் விடுகிறார்கள். பதிவை நிறுத்திவிட்டுத்தான் ட்ரோனை அணைக்க வேண்டும். வீடியோக் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரியை உருவினால், கோப்பு இருக்கும், திறக்காது. அப்படி நடந்துவிட்டால் உடனே போர்மட் செய்துவிடாதீர்கள். அதே கார்டை அதே ட்ரோனில் திரும்பப் போட்டு, இயக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். பல தடவை அது தானாகவே கோப்பைச் சரிக்கட்டி முடித்துவிடும்.

சரி, உவர்மலை வீட்டுக்கு வருவோம். அந்த முதல் வீடியோவில் கார்டுக்குப் பிழையே இல்லை. போலிக் கார்ட் கதை முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் ட்ரோனில் பதிவான பழைய கோப்பை எடுத்து விஎல்சி பிளேயரில் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்திப் பார்த்தேன். பிள்ளையின் கால் ஒவ்வொரு ஃபிரேமிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிறது, எங்கேயும் வெட்டில்லை. அப்படியென்றால் பதிவு சுத்தம், காட்டுகிற கருவிதான் தடுமாறுகிறது. நான் 4கேயிலேயே, 100 மெகாபிட்டிலேயே பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன். பாவம், அந்த ரீவி அதை மூச்சு வாங்கி வாங்கிக் காட்டியிருக்கிறது. இப்போது வீட்டுக்காரருக்குக் கொடுப்பது 1080பி, 15 மெகாபிட்டுக்குள். பெரிய கோப்பைத் தனியாக வைத்திருப்பேன், கேட்டால் கொடுக்கலாம்.

எடிட் செய்து முடித்த கோப்பையும் அதேபோல நகர்த்தி நகர்த்திப் பார்த்தபோது இன்னொரு கள்ளனும் அகப்பட்டான். அதில் ஐந்து ஃபிரேமுக்கு ஒரு தடவை சின்னத் துள்ளல். தரையில் படம் பிடித்த நண்பர் செக்கனுக்கு 25 ஃபிரேமில் எடுத்திருந்தார், நான் 30 இல். அவருடைய 25 க்குள் என்னுடையதைத் திணித்தபோது ஆறில் ஒன்றை மென்பொருள் விழுங்கிவிட்டது. இப்போது வேலைக்குப் போன உடனே நான் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, எத்தனையிலை ஓடுறீங்கள்?" பெரும்பாலும் 25 தான். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மண்டபத்து டியூப் லைட்டுக்கும் 1/50 செக்கன் ஷட்டர்தான் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) ஒத்துப்போகும். வேகத்தைக் குறைத்துக் காட்ட வேண்டிய ஷொட் என்றால் மட்டும் 2.7கேயில் 50 க்குப் போவேன், இந்த ட்ரோன் 4கேயில் 30 க்கு மேல் ஏறாது.

மூன்றாவது வியாதியைக் கண்டது கும்புறுப்பிட்டியில், கரைவலை இழுக்கிற இடத்தில். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயாவிடம் கேட்டுவிட்டுத்தான் ட்ரோனை ஏற்றினேன். அவருக்கு என் வீடியோவில் துளியும் அக்கறை இல்லை. "தம்பி, மேலை நிண்டு பாரும், எங்கையாவது தண்ணி கறுத்துக் கிடக்குதோ?" சூடை மீன் கூட்டம் நின்றால் மேலிருந்து கறுப்பு நிழலாகத் தெரியுமாம். நான் தேடினேன், ஒன்றும் இல்லை. "அப்ப உம்மட வண்டைக் கொண்டுபோம், பிறகு வந்து படம் எடும்" என்றார். பிறகு வந்து எடுத்ததுதான் காலை பத்தரை வெயிலில், பத்துப் பதினைந்து மீற்றர் உயரத்தில், இருபது பேர் கயிற்றை இழுப்பது.

எண்ணெல்லாம் சரி, கார்டும் சரி, 25 ஃபிரேம். ஆனாலும் படம் கண்ணைக் குத்தியது. கைகள் கயிற்றில் கல்லுக் கல்லாகத் துள்ளின, அலை நுரை மின்னி மின்னி அடித்தது. காரணம் ஷட்டர். இந்தக் கமராவில் வெளிச்சம் நுழைகிற துவாரம் எஃப்/2.8 என்ற அளவில் நிலையாக நிற்கும், குறைக்க முடியாது. நிலாவெளிப் பக்கத்து வெள்ளை மணலில், ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வை ஆகக் குறைந்த 100 இல் வைத்தாலும், வெளிச்சத்தைச் சமாளிக்க அது ஷட்டரை 1/3200 வரை ஓட்டிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் உறைந்துபோன தனிப் படம் ஆகிவிடுகிறது. 25 ஃபிரேமுக்கு 1/50 என்றால், அசைகிற கை கொஞ்சம் இழுபட்டுப் பதியும். அந்த இழுபடல்தான் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரிகிறது.

வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டுவார்கள், என்டி ஃபில்டர். எந்த எண் என்று தலையை உடைக்க வேண்டாம். கண்ணாடி இல்லாமல் கமரா காட்டும் ஷட்டர் எண்ணை 50 ஆல் வகுங்கள். 3200 என்றால் 64, 800 என்றால் 16. அதுதான் மாட்ட வேண்டிய எண். பின்னேரம் ஐந்து மணிக்கு 16 போதும், சூரியன் இறங்கினால் கழற்றிவிட வேண்டியதுதான். மாட்டுவது ட்ரோனை இயக்குவதற்கு முன். இயக்கிய பிறகு மாட்டினால் கமராவைத் தாங்குகிற கிம்பலுக்கு எடை குழம்பி நடுங்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கண்ணாடியை விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு எல்லா இடத்துக்கும் இது தேவையில்லை. எண்பது மீற்றர் உயரத்திலிருந்து கரையையும் தென்னைகளையும் எடுக்கும்போது 1/1000 இல் எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. கிட்ட நிற்கிற மனிதர், அலை, பக்கத்தால் ஓடுகிற மரம், இவற்றுக்குத்தான் வேண்டும். அதோடு வெளிச்சத்தையும், படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கிற வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்டி வைப்பது கண்ணாடியைவிட முக்கியம். தானியங்கியில் விட்டால், கமரா மணலிலிருந்து கடலுக்குத் திரும்பும் நடுவழியில் படம் ஒருதரம் இருண்டு வெளிக்கும். நீல நிறம் பச்சையாகும். அதை எந்த எடிட்டாலும் அழகாகச் சரிசெய்ய முடியவில்லை, குறைந்தது என்னால்.

கடைசி வியாதி கை. இதற்குச் சோதனை மென்பொருள் கிடையாது. நான் பெருவிரலை மட்டும் றிமோட் குச்சியின் தலையில் வைத்து ஓட்டினவன், வீடியோ கேம் ஆடின பழக்கம். குச்சியின் நுனியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள், உப்புக் கிள்ளுகிற மாதிரி. அரை மில்லிமீற்றர் நகர்த்துவது அப்போதுதான் கைவரும். திரும்பல்தான் எல்லாவற்றிலும் மோசமான எதிரி. ஒரு தென்னை படத்தின் ஒரு ஓரத்தில் நுழைந்து மற்ற ஓரத்தால் வெளியேற ஏழு செக்கனாவது எடுக்க வேண்டும் என்று கமராக்காரர் மத்தியில் ஒரு பழைய கணக்கு உண்டு. இந்த லென்ஸுக்கு அதைப் போட்டுப் பார்த்தால் ஒரு முழுச் சுற்றுக்கு அரை நிமிடத்துக்கும் மேல். எடுக்கும்போது அது கொட்டாவி வருகிற வேகம். திரையில் பார்க்கும்போது சரியாக இருக்கும். செயலியில் கிம்பலின் வேகத்தைக் குறைத்து, மென்மையைக் கூட்டி வைத்தேன். நகரத் தொடங்கி மூன்று எண்ணிய பிறகுதான் என் ஷொட் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வேன், முடிந்த பிறகும் குச்சியை விடாமல் மூன்று. குச்சியை விடுகிற அந்தக் குலுக்கல் ஷொட்டுக்கு வெளியே போய்விடும்.

முதலில் ஒரே குச்சி, ஒரே திசை. நேரே முன்னால், அல்லது நேரே மேலே. இரண்டு மாதம் வேறொன்றும் செய்யாதீர்கள் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவுக்கும் பிறகு இன்னும் நடுங்கினால் இறக்கையைப் பாருங்கள். மணலில் இறக்கி இறக்கி நுனி சிதம்பியிருந்தால் படம் தயிர் மாதிரி ஆடும். நகத்தால் தடவினால் தெரியும்.

மெதுவாகப் பறப்பதற்கு ட்ரோனிலேயே சினி மோட் இருக்கிறது. நான் அதன் பக்தன். அந்தப் பக்தியால் ஒரு ஆடி மாதம் ட்ரோனையே இழக்கப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் கச்சான் வீசும். தின்கிற கச்சான் இல்லை, மேற்கேயிருந்து காய்ந்து சூடாக வருகிற காற்று. மற்ற ஊர்க்காரருக்கு இது புரியாது: எங்கள் கரையில் கச்சான் தரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். போகும்போது ட்ரோன் சொகுசாகப் போகும், பற்றரி குறைவதே தெரியாது. ஐந்நூறு மீற்றர் போய்த் திருப்பினேன். சினி மோடில் இதன் உச்ச வேகம் செக்கனுக்கு 6 மீற்றர். காற்று அதைவிட அதிகம். குச்சியை முழுவதும் தள்ளியும் தூரம் 500, 502, 505 என்று கூடிக்கொண்டு போகிறது. பற்றரி 34 சதவீதம். கை வேர்த்து றிமோட் வழுக்கியது. நல்லகாலம், தானாகத் திரும்பும் பொத்தானை அமத்தவில்லை. அது முதலில் உயரே ஏறும், உயரத்தில் காற்று இன்னும் பலம். வேகமாகப் பறக்கிற ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி, அலைக்குமேல் பத்து மீற்றருக்கு இறக்கி, ஓட்டிக்கொண்டு வந்தேன். மணலில் இறங்கும்போது 11. இப்போது கச்சான் காலத்தில் கடலுக்குள் போனால் அறுபதில் திரும்பிவிடுவேன், எடுப்பதென்றால் காலை எட்டுக்கு முன்னால். அந்த நேரம் வெளிச்சமும் அழகு. கடல் பக்கம் போய்க் கரையைப் பார்த்தால் வெயில் கரையின் முகத்தில் விழும்.

திருமலையில் பறக்கவிடும் இடத்தைவிட விடக்கூடாத இடம்தான் அதிகம் என்பதையும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. துறைமுகப் பக்கம் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியே பிரெடரிக் கோட்டைக்குள் இராணுவத்தைக் கடந்துதான். புறாத்தீவு தேசியப் பூங்கா. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல், கோயில் மலையை மேலிருந்து எடுத்துத் தாருங்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்கிறார்கள். கிழமைக்கு ஒருவர்.

உவர்மலை வீட்டுக்குப் புதுப் பென் டிரைவோடு போனது இரண்டு மாதம் கழித்து. அதே ரீவி, அதே கதிரைகள், இந்தமுறை நாலைந்து பேர்தான். மருமகளும் இருந்தா. 1080பி, 25 ஃபிரேம். பிள்ளை தண்ணீரோரம் நடந்து வந்தா, சேலைத் தலைப்பு ஒரே இழுவையில் பறந்தது. தமையன் தலையாட்டினார்.

அப்பாச்சி வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அண்டைக்கே சொன்னனான், நிலாவெளி மணலிலை சிப்பி ஒண்டும் கிடையாதெண்டு."